கூட வேலை பார்க்கும் பெண்

ஜனவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறாதே. இங்கே எல்லாரும் உயிரோடுதான் இருக்கிறோம். உன் பிரஷர் எப்படி இருக்கிறது? மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறாயா, இல்லை ஞாபகம் வந்தால்தானா?

மூன்று வருடத்துக்கு முன் நீ எழுதிய கடிதம் வந்து சேர்ந்தது. குடித்த காலத்தில் நடந்ததற்கெல்லாம் மன்னிப்புக் கேட்டு எட்டுப் பக்கம் எழுதியிருந்தாய். படித்தேன். பதில் எழுதவில்லை. ஏன் என்று இப்போது கேட்காதே.

அத்தான் கேபிள் பதிக்கிற வேலையில் தூரத்தில் இருக்கிறார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறார், நாலு நாள் தூங்குகிறார், கிளம்பிவிடுகிறார். என் மகளுக்குப் பன்னிரண்டு வயது முடிந்துவிட்டது. நீ வைத்த பேரைச் சொல்லித்தான் இன்னும் கூப்பிடுகிறோம், வாலு என்று. ஆனால் வாலையெல்லாம் சுருட்டி வைத்துவிட்டாள். வீட்டில் சத்தமே இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். ஆஸ்பத்திரி மருந்தகத்தில் என்னோடு ஒரு பெண் வேலை பார்க்கிறாள். நல்ல குடும்பம், கெட்டிக்காரி. கொஞ்ச காலமாகக் குடிக்கிறாள். தூக்கம் வரவில்லை என்று ஆரம்பித்தது, இப்போது காலையிலும். என்னிடம் மட்டும் சொன்னாள். நீ போகிறாயே, குடியை விட்டவர்கள் கூடிப் பேசுகிற கூட்டம், அது எங்கள் ஊரிலும் இருக்குமா? எப்படிக் கண்டுபிடிப்பது? பேர் கொடுக்க வேண்டுமா? கையெழுத்துப் போட வேண்டுமா? வேலை செய்யும் இடத்துக்குத் தகவல் போகுமா? பெண்கள் வருவார்களா? போனவுடன் பேசச் சொல்வார்களா, சும்மா உட்காரலாமா? எல்லாம் அவள் கேட்கச் சொன்னது.

பதிலை ஆஸ்பத்திரி முகவரிக்கு அனுப்பு. போன் வேண்டாம். சாயங்காலம் ஆனால் என்னால் பேச முடிவதில்லை, வேலைக் களைப்பு.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா

ஜனவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு ஏழுமாடிக் கட்டடத்தில், லிப்டின் கூரைமேல் உட்கார்ந்து உன் கடிதத்தைப் படித்தேன். கீழே இருந்து, "மெக்கானிக், இன்னைக்கு முடியுமா முடியாதா?" என்று கத்திக்கொண்டே இருந்தார்கள். இரண்டாம் தடவையும் படித்துவிட்டுத்தான் ஸ்பேனரை எடுத்தேன். பிரஷர் கட்டுக்குள் இருக்கிறது. முழங்கால்தான் கோபமாக இருக்கிறது. ஓடாத லிப்டைச் சரிசெய்ய எப்போதும் படியேறித்தான் போக வேண்டியிருக்கிறது.

கூட வேலை பார்க்கும் பெண்ணுக்கு என் பதில். பேர் கொடுக்க வேண்டாம். பிடித்த பேரைச் சொல்லிக்கொள்ளலாம். கூட்டத்தில் என் பேரே 'லிப்ட்'தான். கையெழுத்து இல்லை. யாருக்கும் தகவல் போகாது. பேச வேண்டியதும் இல்லை. முதல் ஏழு வாரம் பிஸ்கட் தின்பதற்குத் தவிர நான் வாயைத் திறக்கவில்லை.

எங்களிடம் ஊர்வாரியாக ஒரு பட்டியல் இருக்கிறது. உங்கள் ஊருக்கு இரண்டு முகவரி கிடைத்தது, தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். போகிற முதல் நாள் கால் பின்னும் என்று அவரிடம் சொல். எங்கள் கூட்டம் ஒரு தட்டச்சுப் பயிற்சி நிலையத்தின் பின்னறையில் நடக்கிறது. முதல் நாள் நான் எதிரே அரைமணி நேரம் நின்றேன். காவலாளி வந்து, "யாரு வேணும்?" என்றார். "லிப்டு பார்க்க வந்தேன்" என்றேன். "இது ஒத்தை மாடிங்க, இங்க ஏது லிப்டு?" என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். "பின்பக்கமா போங்க, ஆரம்பிச்சிட்டாங்க" என்றார்.

முக்கியமான ஒன்று. காலையிலும் குடிக்கிறார் என்று எழுதியிருக்கிறாய். அவர் ரோஷத்தில் ஒரே நாளில் நிறுத்திவிடக் கூடாது. வலிப்பு வரும், உயிருக்கே ஆபத்து. மருந்தோடு வாழ்கிற உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்லச் சொல்.

தனியாகப் போகத் தயங்கினால் நீயும் துணைக்குப் போ. வாசல்வரை போதும்.

அத்தானுக்கும் வாலுவுக்கும் என் அன்பு.
தம்பி

பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

முழங்காலுக்குக் களிம்பு அனுப்பியிருக்கிறேன். இரண்டு வேளை தடவு. நான் சுகம்.

அவள் போய்ப் பார்த்தாள். முதல் முகவரி அச்சகத்துக்கு மேல்மாடி. அச்சகக்காரர், "அவங்க காலி பண்ணி ஒரு வருஷம் ஆகுதும்மா, இப்ப மேல டியூஷன் நடக்குது, பிள்ளையைச் சேர்க்கணுமா?" என்று கேட்டிருக்கிறார். ஆமாம் என்று சொல்லி, டியூஷன் விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு வந்தாள்.

இரண்டாவது, ஒரு கூட்டுறவுச் சங்கத்துக் கட்டடம். கூட்டம் நடந்துகொண்டிருந்தது. பதினாலு பேர், பதினாலும் ஆண்கள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் எழுந்து வந்து, "யாரைத் தேடுறீங்கம்மா? வீட்டுக்காரரைக் கூட்டிட்டுப் போக வந்தீங்களா?" என்றார். தலையாட்டினாள். அவர் ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து வராந்தாவில் போட்டு, "இங்கயே உட்காருங்க, முடிஞ்சதும் அனுப்பி வைக்கிறோம்" என்றார். அவர்மேல் தப்பில்லை, மரியாதையாகத்தான் சொன்னார். அவளும் உட்கார்ந்தாள். உள்ளே இல்லாத வீட்டுக்காரருக்காகப் பத்து நிமிஷம் காத்திருந்தாள். உள்ளே யாரோ பேசுவது கேட்டது. வார்த்தை புரியவில்லை. நடுவில் எல்லாரும் சிரித்தார்கள். குடியைப் பற்றிப் பேசுகிற இடத்தில் எப்படிச் சிரிக்கிறார்கள் என்று ஆச்சரியமாக இருந்தது. பிறகு எழுந்து வந்துவிட்டாள்.

இனி அவள் எங்கும் போக மாட்டாள். நீ சிரமப்பட்டதற்கு நன்றி. இந்தப் பேச்சை இத்துடன் விட்டுவிடலாம்.

அக்கா

பிப்ரவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

களிம்பு வந்தது. அறை முழுக்க ஆஸ்பத்திரி வாசம். முழங்கால் கொஞ்சம் அடங்கியிருக்கிறது.

பழைய பட்டியலைக் கொடுத்தது என் தப்பு. விசாரித்துவிட்டுக் கொடுத்திருக்க வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை பஸ் மாறி மாறி மூன்று ஊர்க் கூட்டங்களுக்குப் போய்க் கேட்டேன். மூன்றாவது ஊரில் விவரம் கிடைத்தது. உங்கள் ஊரில் பெண்களுக்கு மட்டும் ஒரு கூட்டம் நடக்கிறது. வியாழக்கிழமை மாலை ஐந்து மணி. பஸ் டிப்போவுக்குப் பின்தெருவில் பிசியோதெரபி கிளினிக். வியாழன் மதியத்தோடு கிளினிக்கை மூடிவிடுவார்கள், அதன்பின் இடம் இவர்களுக்கு. ஆறேழு பேர் வருகிறார்கள்.

நடத்துகிறவர் தபால் ஆபீசில் இருந்து ஓய்வுபெற்றவர். தபால்காரம்மா என்றுதான் சொல்கிறார்கள். அவரோடு போனில் பேசினேன். "வரச் சொல்லுங்க தம்பி, கேட்டுக்கு வெளிய நிக்கிறேன். வரலைன்னா அடுத்த வியாழனும் நிப்பேன். முப்பது வருஷம் கவுன்டர்ல நின்ன காலு, இதுக்கா வலிக்கப் போகுது?" என்றார்.

பேச்சை விட்டுவிடலாம் என்று எழுதியிருந்தாய். சரி, விட்டுவிடுகிறேன். அந்தப் பெண்ணிடம் இதை மட்டும் சொல்லிவிடு: அந்த வராந்தாவில் பத்து நிமிஷம் உட்கார்ந்ததே பெரிய காரியம். நானாக இருந்தால் நாற்காலியைப் பார்த்ததுமே ஓடியிருப்பேன்.

எல்லாரும் நலமாக இருங்கள்.
தம்பி

மார்ச் 22

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். ஐந்து வாரமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. நான் எழுதியதில் ஏதாவது மனசை உறுத்தியிருந்தால் மறந்துவிடு. நீளமாக எழுத வேண்டாம். இருக்கிறேன் என்று ஒரு வரி போதும்.

தம்பி

ஏப்ரல் 5

தம்பிக்கு,

இருக்கிறேன்.

மருந்தகத்தில் அப்படி ஒரு பெண் இல்லை. அங்கே இருப்பது நானும், சீட்டு வாங்கி மருந்து எடுத்துக் கொடுக்கிற பெரியவரும்தான்.

மார்ச் முதல் வாரம் குழந்தைகள் வார்டுக்கு ஒரு சிரப் அனுப்பினேன். இரண்டு பாட்டிலும் ஒரே நிறம், வீரியம்தான் வேறு. இருபது வருடமாகக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுக்கிற மருந்து. அன்று காலை வீட்டிலிருந்து கிளம்பும்முன்பே குடித்திருந்தேன். வார்டு நர்ஸ் ஸ்பூனில் ஊற்றும்போது லேபிளைப் பார்த்திருக்கிறாள். அப்படியே பாட்டிலோடு வந்து, "அக்கா, இது பெரியவங்களோடதுக்கா" என்றாள். நான்கு வயதுக் குழந்தை. ஒன்றும் ஆகவில்லை. அவள் பார்க்காமல் இருந்திருந்தால் என்பதை என்னால் எழுத முடியவில்லை.

தலைமை மருந்தாளர் கூப்பிட்டுக் கேட்டார். பெரியவர்தான் தவறாக எடுத்துக் கொடுத்தார் என்று சொன்னேன். அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். ஒரு வார்த்தை மறுக்கவில்லை. அவருக்கு மெமோ கொடுத்தார்கள். ஓய்வு பெற இன்னும் பதினோரு மாதம் இருக்கிறது. மறுநாள் வழக்கம்போல எனக்கும் சேர்த்து டீ வாங்கி வந்தார். டம்ளரை என் பக்கம் வைத்துவிட்டு, "உட்காருங்கம்மா, கை நடுங்குது" என்றார். அவருக்கு எல்லாம் தெரியும். எத்தனை நாளாகவோ தெரியும்.

உன் எட்டுப் பக்கத்துக்கு ஏன் பதில் எழுதவில்லை என்று சொல்கிறேன். அதைப் படித்தபோதே என் கையில் கிளாஸ் இருந்தது. நீ செய்ததாக எழுதியிருந்த ஒவ்வொன்றையும் நான் அப்போது செய்துகொண்டிருந்தேன். ஒளித்து வைக்கிற இடங்கள் உட்பட. குடித்துவிட்டு வந்து விழுந்த உன்னைப் பார்த்து, இனி இந்த வீட்டுப் படி ஏறாதே என்று ஊரே கேட்கச் சொன்னவள் நான். உனக்கு எந்த முகத்தோடு பதில் எழுதுவேன்?

நாளைக்கு டாக்டரிடம் போகிறேன்.

அக்கா

ஏப்ரல் 10

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். ஓடுகிற பஸ்ஸில் எழுதுகிறேன், தபால் பெட்டியை இன்றைக்கே பிடிக்க வேண்டும்.

எனக்கு முதல் கடிதத்திலேயே தெரியும். 'சும்மா உட்காரலாமா' என்று யாரும் இன்னொருத்தருக்காகக் கேட்க மாட்டார்கள். நீயாகச் சொல்கிறவரை காத்திருப்பதுதான் சரி என்று நினைத்தேன். கட்டாயப்படுத்திக் கூட்டிக்கொண்டு போன யாரும் என்னைக் குடியை நிறுத்தவைக்கவில்லை, அதனால். ஆனால் அந்தக் குழந்தையைப் பற்றிப் படித்ததிலிருந்து, நான் காத்திருந்ததும் தப்போ என்று தோன்றுகிறது. தெரிந்துகொண்டே பேசாமல் இருந்தேனே. அந்த நர்ஸுக்கு நானும் கடமைப்பட்டிருக்கிறேன்.

உடனே லீவு போடு. கவுன்டரில் நிற்காதே, ஒரு நாள்கூட. டாக்டர் சொல்வதைக் கேள். அவர் அனுமதித்ததும் வியாழக்கிழமை போ. பெரியவர் விஷயத்தில் என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லப் போவதில்லை. அது உனக்கே தெரியும். தெரியாவிட்டால் எனக்கு எழுதியிருக்க மாட்டாய்.

எந்த முகத்தோடு என்று கேட்டிருந்தாய். இருக்கிற முகத்தோடு எழுது அக்கா. எனக்கு அது போதும்.

தம்பி

ஏப்ரல் 27

அன்புள்ள தம்பிக்கு,

இப்போது கையெழுத்து உனக்குப் புரியும் என்று நினைக்கிறேன். நடுக்கம் குறைந்திருக்கிறது. இரண்டு வேளை சாப்பாடு வயிற்றில் தங்குகிறது.

உன் கடிதம் வருவதற்கு முன்பே லீவு போட்டுவிட்டேன். டாக்டர் ஐந்து நாள் வார்டில் வைத்திருந்தார். வாலு பக்கத்து வீட்டில் தங்கிக்கொண்டாள். உன் கடிதம் ஆஸ்பத்திரிக்குத்தானே வரும்? பெரியவர் அதை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே கூப்பிட்டேன். "இல்லம்மா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று வாசலோடு போய்விட்டார்.

பதினாறாம் தேதி போனேன். கிளினிக்கைத் தாண்டி இரண்டு தடவை நடந்தேன். மூன்றாம் தடவை, வெளியே நின்ற அம்மா, "செருப்பு தேஞ்சது போதும், வாங்க. இது ஒன்பதாவது வியாழன்" என்றார். உள்ளே ஆறு பெண்கள், வட்டமாக நாற்காலிகள், சுவரில் முதுகெலும்புப் படம். பூக்கடை வைத்திருக்கும் ஒருத்தி, வக்கீல் ஒருத்தி, மற்றவர்களைத் தெரியவில்லை. வக்கீல், பாட்டிலை வாஷிங் மெஷினுக்குள் ஒளித்து வைத்துவிட்டு மறந்துபோய் மெஷினைப் போட்ட கதையைச் சொன்னாள். எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். பேசவில்லை. இருபத்துமூன்றாம் தேதியும் போனேன், பேசவில்லை.

அன்று கிளம்பும்போது தபால்காரம்மா, "உங்க தம்பி சொல்லலையா?" என்றார். மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை நீ வந்தாயாம். அவரோடு வெளியே நின்றாயாம். ஐந்து மணி ஆகப் போகும்போது, "அக்கா வந்தா என்னைப் பார்த்துட்டுத் திரும்பிடும்" என்று சொல்லிவிட்டு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடைக்குள் போய் நின்றுகொண்டாயாம். ஆறு மணிவரை நின்றாயாம்.

எட்டு மணி நேரப் பஸ். நான் வராத வியாழக்கிழமைக்கு. ஏன் எழுதவில்லை?

அக்கா

மே 8

அன்புள்ள அக்காவுக்கு,

வக்கீலம்மா கதையை எங்கள் கூட்டத்தில் சொல்லலாம் என்று ஆசை. ஆனால் அங்கே கேட்டது அங்கேயே இருக்க வேண்டும், அதனால் நான் மட்டும் சிரித்துக்கொண்டேன். நீயும் சிரித்தாய் என்று எழுதியதை எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை.

ஏன் எழுதவில்லை என்று கேட்டிருந்தாய். அந்தத் தபால்காரம்மா முழுசையும் சொல்லவில்லை. அது அவர் பெருந்தன்மை. மீதியை நான் சொல்ல வேண்டும்.

ஆறு மணிவரை நீ வரவில்லை. பஸ் நிலையத்துக்கு நடந்தேன். பக்கத்திலேயே ஒயின் ஷாப். அக்கா போய்விட்டாள், இனி வர மாட்டாள் என்று ஒரே நினைப்பு. கால் தானாகப் போய்விட்டது. கவுன்டர்வரை போய் நின்றேன். "என்ன வேணும்?" என்று கேட்டான். ஐந்து வருஷமாகக் குடிக்காமல் சேர்த்து வைத்த உறுதியெல்லாம் அந்த நிமிஷத்தில் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. வாய்வரை வந்த சரக்கின் பேரை முழுங்கிவிட்டு வெளியே வந்து தபால்காரம்மாவுக்குப் போன் பண்ணினேன். ஸ்கூட்டரில் வந்தார். என் பஸ் கிளம்புகிறவரை பக்கத்தில் உட்கார்ந்து, காணாமல் போன மணியார்டர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

இதை எழுதினால், 'இவனே இப்படி என்றால் நான் எங்கே' என்று நீ விட்டுவிடுவாயோ என்று பயம். அதனால் ஒளித்தேன். நீ ஒரு பெண்ணை உண்டாக்கினாய். நான் ஒரு பயணத்தை மறைத்தேன். இரண்டு பேரும் ஒரே வீட்டில்தானே வளர்ந்தோம்.

அத்தானிடம் சொல்லிவிட்டாயா? வாலு எப்படி இருக்கிறாள்?

தம்பி

ஜூன் 23

அன்புள்ள தம்பிக்கு,

நீ எழுதியதைப் படித்து நான் விட்டுவிடவில்லை. அதைப் படித்தபிறகுதான் கூட்டத்தில் வாயைத் திறந்தேன். ஐந்து வருஷத்துக்குப் பிறகும் கால் அப்படிப் போகும் என்றால், எனக்கு மட்டும் புத்தி கெட்டுப்போகவில்லை என்று ஆறுதலாக இருந்தது. மே மாதம் ஒரு நாள் நான் வழுக்கிக் குடித்தேவிட்டேன். ஒளிக்கவில்லை, அந்த வியாழனே சொன்னேன். டாக்டரிடமும் சொன்னேன். குடிக்காத நாட்களை மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினேன். இன்று நாற்பத்தொன்று.

லீவு முடிந்து சேர்ந்த அன்றே தலைமை மருந்தாளரிடம் போய், மார்ச்சில் நடந்தது என் தவறு, குடித்திருந்தேன், பொய் சொன்னேன் என்று எழுதிக் கொடுத்தேன். பெரியவருடைய மெமோவை ரத்து செய்துவிட்டார்கள். எனக்கு விசாரணை நடக்கிறது. அதுவரை ஸ்டோரில் அட்டைப்பெட்டி எண்ணுகிற வேலை. மருந்து கொடுக்கக் கூடாது. அது நியாயம்தான். பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "சரிம்மா" என்றார். அவ்வளவுதான். இப்போது அவர் எனக்கு டீ வாங்கி வருவதில்லை. நான்தான் அவருக்குக் கொண்டுபோய் வைக்கிறேன். சில நாள் குடிக்கிறார், சில நாள் அப்படியே ஆறிப்போகிறது.

அத்தான் வந்திருந்தபோது சமையலறையில் வைத்துச் சொன்னேன். "எனக்கு எப்படித் தெரியாமப் போச்சு?" என்று நாலு நாளும் அதையே கேட்டார். நாலாம் நாள், "வீட்டுல இருந்தாத்தானே தெரியும்?" என்றேன். கோபப்படவில்லை. பக்கத்து ஊர் வேலைக்கு மாற்றல் கேட்டிருக்கிறார். கிடைக்குமா தெரியாது.

வாலுவைப் பற்றிக் கேட்டிருந்தாய். பள்ளிக்குக் கிளம்பும்முன் தினமும் என்னிடம் வந்து, "ஜடை சரியா இருக்கா பாரும்மா" என்று முகத்தை முகத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்பாள். பாசம் என்று நினைத்திருந்தேன். என்னை முகர்ந்து பார்க்கிறாள் என்பது போன வருடம்தான் புரிந்தது. புரிந்த நாளிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டே ஜடையைத் தொட்டு, "இருக்கு, போ" என்று சொல்லப் பழகியிருந்தேன்.

இன்று காலையும் வந்தாள். நான் திரும்பிக்கொள்ளவில்லை. அவள் உயரத்துக்குக் குனிந்து, "ஜடை நல்லாத்தான் இருக்கு. நீ பார்க்க வந்ததைப் பாரு" என்றேன். அவள் முகம் சிவந்துவிட்டது. ஆனால் போகவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு நன்றாக மூச்சை இழுத்தாள். டாக்டர் பார்க்கிற மாதிரி, அவசரப்படாமல்.

"பேஸ்ட் வாசம்தான் வருது" என்றாள்.

பையை மாட்டிக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பினாள். "நாளைக்கும் பார்ப்பேன்மா" என்றாள்.

"பாரு" என்றேன்.

அக்கா